எண்ணெய் மணலில் ஒரு தடம்

முத்துராஜ் தங்கையின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்த இடத்தில் போன வாரம் விட்டிருந்தோம். "நீயும் நானும் ஜோடி. எவன் என்ன சொன்னாலும் மெயின்லேண்டுக்குப் போறது நீதான் புள்ள" என்று சொல்லிவிட்டு, அவன் நிம்மதியாக ரெண்டு கரண்டி சோறு கூடுதலாகவே சாப்பிட்டான். புஷ்பாவும் நம்பினாள். கூடப் பிறந்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவதாம்?

அவள் எதிர்பார்த்துக் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது.

அந்தமானில், போர்ட் பிளேயர் டாலிகஞ்சைத் தாண்டி மேட்டில் இருக்கும் அந்தக் கோல்ஃப் மைதானத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரிய ஊர்களில் குழியைச் சுற்றிப் பச்சைப் புல்லை வளர்த்து, வாரி, வெட்டி வைத்திருப்பார்களாம். இங்கே குடிக்கவே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது, புல்லுக்கு எங்கே போவது? அதனால் மணலில் பழைய எஞ்சின் ஆயிலைக் கலந்து, குழியைச் சுற்றி வட்டமாகப் பரப்பித் தட்டி வைத்திருப்பார்கள். அதற்கு 'பிரவுன்' என்று பெயர். நடந்தால் கால் தடம் விழும், பந்து உருண்டால் கோடு விழும். ஆகவே பந்தைத் தட்டுவதற்கு முன்னால், ஒரு நார்ப்பாயைப் பந்திலிருந்து குழிவரைக்கும் இழுத்து வழி போட்டுக்கொள்ள வேண்டும். பாய் இழுத்த தடத்தில்தான் பந்து போகும். இந்த மைதானத்தின் பழக்கம் அது.

அந்தப் பிரவுன்களைப் பார்த்துக்கொள்பவர் ஆவுடையப்பன். புஷ்பாவுக்கும் முத்துராஜுக்கும் அப்பா. சிலோன் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்து, கச்சால் தீவில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த மனிதர். சுனாமி அவருடைய ரெண்டு தம்பிகளையும் குடும்பத்தோடு கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய நாலு பேரும் போர்ட் பிளேயர் தகர ஷெட்டுக்கு வந்து, அங்கிருந்து இந்த மைதானத்து வேலைக்கு வந்து, ஏழு வருஷம் ஆகிறது.

அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்த புஷ்பா, யாரோ தூக்கிப் போட்ட உடைந்த கோல்ஃப் கட்டையை எடுத்துப் பந்தைத் தட்டிப் பார்த்தாள். விளையாட்டாக ஆரம்பித்ததுதான். இன்றைக்குக் குழிக்குப் பக்கத்தில் நின்று ஆடும் ஆட்டத்தில் அவளுக்கு ஈடாக இந்த மைதானத்தில் ஆளில்லை. கிளப் மெம்பர்களின் குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் சொல்லித்தருகிறாள், சும்மாவே.

இப்போது கிளப் அதை முறையான வேலையாக்கப் போகிறது. குழந்தைகளுக்கென்று சின்ன மைதானம், சொல்லித்தர ஒரு ஆள், அந்த ஆளுக்குச் சென்னையில் ஆறு மாதப் பயிற்சி. வருஷா வருஷம் நடக்கும் கேளிக்கைப் போட்டியில் ஜெயிக்கிற ஜோடியிலிருந்து ஒருவரை எடுப்பது என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. முத்துராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், அவனுக்கு இது வேண்டாம். ஜெயித்தால் வேலை புஷ்பாவுக்கு. தோற்றால் அதே சோற்றுத் தூக்கு, அதே ஓசி வாத்தியார் வேலை.

காலையில் ஷாமியானாவுக்குக் கீழே செக்ரட்டரி கிருஷ்ணமூர்த்தி மைக்கைப் பிடித்தார். மைக் கிடைத்தால் லேசில் விடுகிறவர் அல்ல அவர்.

"முதல் ஆட்டம், ஒரே கட்டை! பையில எத்தனை கட்டை இருந்தாலும் ஒண்ணைத்தான் எடுக்கணும். ரெண்டாவது, கயிறு ஆட்டம். மூணாவது, குடை ஆட்டம். கடைசியில ஜோடி ஆட்டம். ஒரே பந்து, ஆளுக்கு ஒரு அடி, மாத்தி மாத்தி. ஒரு விஷயம் கேட்டுக்குங்க. சொந்தக்காரன், சிநேகிதக்காரன்னு வேணும்னே விட்டுக் குடுக்கிற வேலை வேண்டாம். தெரிஞ்சா அந்த ஆட்டமே செல்லாது. மறுபடி ஆட வேண்டி வரும். சம்ஜே? புரிஞ்சுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். முத்துராஜும் சிரித்தான்.

ஒரே கட்டை ஆட்டத்தில் பாதிப் பேர் நீளக் கட்டையை எடுத்துக்கொண்டு போய், குழிக்குப் பக்கத்தில் வந்ததும் திருதிருவென்று விழித்தார்கள். ஒரு டாக்டர் அம்மா தட்டிய பந்து பிரவுனைத் தாண்டி பஜ்ஜிக் கடாய் வரைக்கும் உருண்டது. புஷ்பா எடுத்துக்கொண்டது வெட்ஜ் என்கிற குட்டைக் கட்டை. அதை வைத்துக்கொண்டே அவள் தூக்கவும் செய்தாள், உருட்டவும் செய்தாள்.

கயிறு ஆட்டம் இன்னும் வேடிக்கை. ஜோடிக்கு நாலு முழக் கயிறு தருவார்கள். பந்து புதரிலோ பள்ளத்திலோ போய் உட்கார்ந்தால் கையால் எடுத்து நகர்த்திக்கொள்ளலாம், ஆனால் நகர்த்திய அளவுக்குக் கயிற்றை வெட்டிவிட வேண்டும். கயிறு தீர்ந்தால் சலுகையும் தீர்ந்தது. மற்றவர்கள் ரெண்டாவது குழியிலேயே கயிற்றைத் தீர்த்துவிட்டார்கள். புஷ்பா ஜோடி ஒரு விரல் நீளம்கூட வெட்டவில்லை.

"கயித்தை வீட்டுக்குக் கொண்டுபோய் கொடி கட்டிக்கோ" என்று முத்துராஜ் கேலி செய்தான். அவன் அன்று நன்றாகவே ஆடினான். அதுதான் கொடுமை.

குடை ஆட்டத்தில் கவிழ்த்து விரித்த குடைக்குள் பந்தைத் தூக்கிப் போட வேண்டும். புஷ்பா போட்ட பந்துகள் குடைக்குள் விழுந்து குடையையே சாய்த்துவிட்டன. "ஷாபாஷ் பேட்டி!" என்று சொந்த மகளைப் பாராட்டுவது போல வங்காளி மெம்பர்கள் கை தட்டினார்கள். தூரத்தில் நார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஆவுடையப்பன் மட்டும் தட்டவில்லை. அப்பா வேலையில் இருக்கிறார் என்று புஷ்பா நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் ஜோடி ஆட்டத்தில் ரெண்டே ஜோடிகள் மிஞ்சின. இந்தப் பக்கம் அண்ணனும் தங்கையும். அந்தப் பக்கம் மாற்றலாகிப் புதிதாக வந்த பாங்க் மேனேஜர் தம்பையாவும் அருண்பிரசாத்தும்.

அருண்பிரசாத்தை உங்களுக்குத் தெரியும். அபர்டீன் பஜாரில் இரும்புக் கடையும் காண்டிராக்ட்டும் வைத்திருக்கும் சொக்கலிங்கத்தின் மகன். படிப்பும் ஏறவில்லை, கடையிலும் உட்கார மாட்டேன் என்கிறான், கோல்ஃப் ஒன்றுதான் உருப்படியாக வருகிறது. அந்த வேலை மகனுக்குக் கிடைத்தால் நாலு பேர் மதிப்பார்கள் என்று சொக்கலிங்கத்துக்கு ஆசை. அவர் மகள் அகிலாவோ முத்துராஜைத்தான் கட்டுவேன் என்று மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல் அடம் பிடிக்கிறாள். "சிலோன் செட்டில்மென்ட் ஆளுங்களோட நமக்கென்ன சம்பந்தம்" என்று அவர் மறுத்துக்கொண்டே இருந்தார். அந்தச் சொக்கலிங்கம்தான் இன்று முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து முத்துராஜைப் பார்த்து முறுவலித்தார். அதையும் புஷ்பா பார்த்தாள். அவள் பார்க்காதது எதுவும் இல்லை, யோசிக்கத்தான் நேரமில்லை.

கடைசிக் குழிக்கு வரும்போது ரெண்டு ஜோடியும் சமம்.

எதிர் ஜோடிக்குத் தம்பையா முதலில் அடித்தார். அருண் அதைப் பிரவுனில் ஏற்றினான், ஆனால் குழிக்குக் கொஞ்சம் தூரமாக. தம்பையா பாயை இழுத்து வழி போட்டு, தட்டினார். பந்து நேராக உருண்டு வந்து குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அருண் அதை உள்ளே தள்ளினான். நாலு அடியில் முடித்துவிட்டார்கள்.

இந்தப் பக்கம் முத்துராஜ் அடித்த முதல் பந்து தென்னை மரத்து வேருக்குள் போய் மாட்டிக்கொண்டது. கூட்டம் "அரே" என்றது. புஷ்பா குனிந்து பார்த்தாள். பந்துக்கும் பிரவுனுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். அவள் கட்டையின் முகத்தைத் திறந்து வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்தாள். பந்து நெட்டுக்குத்தாக எழும்பி, வாய்க்காலைத் தாண்டி, எண்ணெய் மணலில் பொத்தென்று விழுந்து, தம்பையா தட்டிய அதே பக்கத்தில், குழிக்கு ஒரு கை நீளத்தில் நின்றது.

ஷாமியானா எழுந்து நின்றது. டாக்டர் அம்மா விசிலே அடித்துவிட்டார்.

ஒரு கை நீளம். கண்ணை மூடிக்கொண்டு போடலாம். போட்டால் மூன்று அடியில் முடிந்தது, ஜெயம். சென்னையில் தங்கப்போகும் அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும் என்றுகூட அந்த நேரத்தில் புஷ்பா நினைத்தாள், பைத்தியக்காரி.

முத்துராஜ் பாயை எடுத்து இழுத்தான். நின்றான். தட்டினான்.

தட்டினான் என்று சொல்வது தப்பு, அடித்தான். பந்து குழியின் வலது பக்கமாக விறுவிறுவென்று ஓடி, பிரவுனின் மறு விளிம்பில் போய் மண்ணில் செருகி நின்றது.

"க்யா ஹோ கயா யார்! என்னப்பா ஆச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

இப்போது அடி புஷ்பாவுடையது. ஜோடி ஆட்டத்தின் சட்டம் அப்படி, அண்ணன் கெடுத்ததைத் தங்கை எடுக்க வேண்டும். எடுத்தால் சமம், இன்னொரு குழி ஆடலாம். அவள் விளிம்பு மண்ணிலிருந்து பந்தைக் கிளப்பி விட்டாள். அது அத்தனை தூரம் உருண்டு வந்து குழியின் வாயைத் தொட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியிலேயே நின்றது.

முடிந்தது.

"கடைசி பந்தை அந்தப் பொண்ணு விட்டுடுச்சுப்பா" என்று ஷாமியானாவில் ஒரு குரல். "டென்ஷன். லேடீஸ் இல்லையா" என்று இன்னொரு குரல். அருண்பிரசாத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

முத்துராஜ் பக்கத்தில் வந்தான். "இந்தப் பிரவுன் எடது பக்கம் சரியும்ல புள்ள, அத நெனச்சு வலப்பக்கம் விட்டேன். ஏமாத்திருச்சு" என்றான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

கேட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கடைசிப் பிரவுன் கடல் பக்கம், அதாவது இடது பக்கம் சரியும் என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பழைய மெம்பர்கள் எல்லாம் அங்கே ஒரு சாண் வலது பக்கம் தள்ளித்தான் விடுவார்கள்.

புஷ்பாவும் தலையை ஆட்டினாள். பந்தை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை மழைக்குப் பிறகு அந்தப் பிரவுனை அப்பா புதுசாக மட்டம் போட்டாரே. மணலைச் சட்டியில் அள்ளி வந்து கொட்டியது அவள். எண்ணெய் ஊற்றிக் கலந்தது முத்துராஜ். மட்டப்பலகையை வைத்துப் பார்த்து, "இப்ப குண்டு வச்சாலும் உருளாது" என்று சொன்னதும் அவன்தான். இந்தப் பிரவுனில் இன்றைக்குச் சரிவே இல்லை. அது மெம்பர்களுக்குத் தெரியாது. முத்துராஜுக்குத் தெரியும்.

அவள் மணலைப் பார்த்தாள். தம்பையா இழுத்த பாய்த் தடம் நேராகக் குழிக்கு வந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் முத்துராஜ் இழுத்த தடம். அது குழிக்கே வரவில்லை. ஒரு சாண் வலது பக்கம் தள்ளிப் போயிருந்தது. அதன் நட்ட நடுவில், கொஞ்சமும் பிசகாமல், பந்து ஓடிய கோடு. கை நடுங்கியிருந்தால் கோடு தடத்தை விட்டு விலகியிருக்கும். அவன் எங்கே விட வேண்டும் என்று நினைத்தானோ அங்கேதான் விட்டிருக்கிறான்.

இருக்காது என்று ஒரு மனம் சொன்னது. கண்ணால் பார்த்த பிறகு அந்த மனம் சொல்வதை எப்படிக் கேட்பது?

அவள் கிருஷ்ணமூர்த்தியிடம் ஓடினாள். "சார், ஒரு நிமிஷம் வந்து அந்த பிரவுனப் பாருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களே பாத்துட்டு சொல்லுங்க."

"என்னம்மா, பரிசு கொடுக்கிற நேரத்துல?" என்று அலுத்துக்கொண்டாலும் மனிதர் நல்லவர், எழுந்து வந்தார். இருவரும் மேட்டைச் சுற்றிக்கொண்டு கடைசிப் பிரவுனுக்கு வந்தார்கள்.

ஆவுடையப்பன் குழியை நடுவில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பாயை இழுத்துக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்று. மணல் மழமழவென்று இருந்தது. ஒரு தடமும் இல்லை, ஒரு கோடும் இல்லை.

"அப்பா!" என்றாள் புஷ்பா.

"ஆட்டம் முடிஞ்சா இழுத்துறணும்ல தாயி" என்றார் அவர். நிமிரவில்லை.

கிருஷ்ணமூர்த்தி மணலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஹோ ஜாதா ஹை பேட்டி, இதெல்லாம் நடக்கிறதுதான். தோல்வியும் விளையாட்டுல ஒரு பாடம்தான்" என்று தோளைத் தட்டிவிட்டு மைக்கைத் தேடிப் போனார்.

பாவம் அப்பா, பழக்க தோஷம் என்று புஷ்பா நினைத்தாள். ஏழு வருஷமாக ஆட்டம் முடிந்ததும் இழுக்கிற கை. அவருக்கு எப்படித் தெரியும்? அவர் மேல் வந்த கோபத்தையும் சேர்த்து அண்ணன் கணக்கில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் வடை வாசனை.

அம்மா ஒச்சம்மா அடுப்படியில் உளுந்து வடை தட்டிக்கொண்டிருந்தாள். புதுப் புடவை. கூடத்தில் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலிகள். மகள் தோற்றுவிட்டு வருவாள் என்று தெரிந்து சமைத்த வீடு போலவே இருந்தது.

"யாரும்மா வர்றாங்க?"

"சொக்கலிங்கம் ஐயா வீட்டுல இருந்து. நம்ம முத்துவுக்கு அகிலாவ பேசி முடிக்க வர்றாங்க." ஒச்சம்மா எண்ணெய்ச் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "போயி மூஞ்சியக் கழுவிட்டு வா."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்குத்தான் மனசு எறங்கி வந்தாரு."

மனசு இறங்கி வந்த காரணம் புஷ்பாவுக்கு அந்த நிமிஷம் புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். முத்துராஜ் பின்கட்டில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணே. பாய ஏன் வலப்பக்கம் இழுத்த?"

"சொன்னேன்ல. சரிவுன்னு..."

"அந்த மணல சொமந்தவ நான். என்கிட்டயேவா சரிவு கதை சொல்லுற?"

அவன் பொத்தானைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான்.

"சொல்லுண்ணே. என்னைய வித்துட்டியா?"

"பெரிய பேச்செல்லாம் பேசாத புஷ்பா. அகிலாவோட அப்பா கூப்பிட்டாரு. அருண் ஜெயிச்சா அகிலாவ தர்றேன்னாரு. இல்லாட்டி அடுத்த கப்பல்ல மதுரைக்கு அனுப்பி அங்க ஒருத்தனுக்குக் கட்டி வச்சிருவேன்னாரு. நான் என்ன செய்ய? நீ நாளைக்கு ஒரு எடத்துக்குக் கட்டிக்கிட்டுப் போற புள்ள. அந்த வேலைய வச்சு என்ன செய்யப் போற? எனக்கு அவ இல்லாட்டி..."

"என் கையில அடிச்சு சத்தியம் பண்ணுனியே."

"பண்ணுனேன்."

"அப்பவே தெரியுமா?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக் காலரை இழுத்து விட்டுக்கொண்டான். தெரிந்துதான் அடித்திருக்கிறான். சத்தியம் வாங்கிய கை அவளுக்கு எரிந்தது.

"கடைசி பந்த நான் விட்டேன்னு ஊரே சொல்லுது. கேட்டுக்கிட்டுத்தான நின்ன?"

ஒச்சம்மா கரண்டியோடு வாசல்படிக்கு வந்துவிட்டாள். "மெதுவாப் பேசு. அக்கம்பக்கம் கேக்கும்."

"உனக்கும் தெரியுமாம்மா?"

"பெத்தவளுக்குத் தெரியாம இருக்குமா? ரெண்டு புள்ளையில ஒண்ணுதான் பொழைக்கும்னா, எனக்கு எதப் புடிக்கணும்னு தெரியல. வீட்டுல இருக்கப்போறவனப் புடிச்சேன்."

புஷ்பா அதைத் தாங்கிக்கொண்டாள் என்று எழுத எனக்கு ஆசை. இல்லை. அவள் உடைந்து அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்: "அப்பா வரட்டும். நீங்க ரெண்டு பேரும் செஞ்சத அப்பாகிட்ட சொல்லுறேன். அவரு போட்ட பிரவுன்ல அவரு மகனே கள்ளத்தனம் பண்ணுனான்னு தெரிஞ்சா, உன்ன வீட்டுல வச்சிருப்பாரா பாரு."

முத்துராஜ் அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தாள்.

"என்ன பாக்குறீங்க?"

"சொல்லிருடா" என்றாள் ஒச்சம்மா, ரொம்பத் தாழ்ந்த குரலில்.

முத்துராஜ் சொன்னான். "எந்தப் பக்கம் விட்டா யாருக்கும் சந்தேகம் வராதுன்னு எனக்கு எப்புடித் தெரியும் புள்ள? புது மட்டம் போட்டது மெம்பருங்களுக்குத் தெரியாது, பழைய சரிவ நெனச்சு விட்டான்னு நெனப்பாங்க, ஒரு சாண் வலப்பக்கம் இழுடா, ஓங்கி அடி, நின்னுறக் கூடாதுன்னு, நேத்து சாயங்காலம் பாய இழுத்துக் காட்டிக் குடுத்ததே அப்பாதான்."

வாசலில் ஆவுடையப்பன் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. கையில் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது.

"நான் வந்து பாக்குறதுக்கு முன்னாடி அழிக்கணும்னுதான் ஓடி வந்து இழுத்தீங்களாப்பா?"

"ஆமா தாயி." பொய் சொல்ல அவருக்கு இனி தெம்பில்லை. "கச்சால்ல நம்மாளுங்க மொத்தமும் போச்சு. ஒரு சாவுன்னா தூக்குறதுக்குக்கூட நமக்கு இந்த ஊருல சொந்தம்னு நாலு பேரு இல்ல. இந்தச் சம்பந்தம் அமைஞ்சா நமக்கு ஒரு வேரு புடிக்கும். நீ கெட்டிக்காரி. உனக்கு இன்னொண்ணு கெடைக்கும்னு நெனச்சேன்."

"உங்களுக்கு வேரு புடிக்க நான்தான் உரமாப்பா?"

அவர் கையைத் துடைத்துக்கொள்ளத் துணி தேடினார். புஷ்பாவுக்கு அண்ணன் மேல் இருந்த கோபம்கூட அந்த நேரத்தில் சின்னதாகிவிட்டது. அண்ணன் ஆசைக்காகச் செய்தான். அப்பா இவள் ஆட்டத்தை ஒவ்வொரு நாளும் நின்று பார்த்தவர். இவளுக்கு என்ன வரும், எவ்வளவு வரும் என்று உலகத்தில் அவருக்கு ஒருவருக்குத்தான் முழுசாகத் தெரியும். தெரிந்தே செய்தார்.

வெளியே ஜீப் வந்து நின்றது.

மல்லிகைச் சரமும் சிரிப்புமாக அகிலாதான் முதலில் ஓடி வந்தாள். வந்தவள் புஷ்பாவைக் கட்டிக்கொண்டாள். "நாத்தனாரே! எங்க அண்ணன் ஜெயிச்ச சந்தோஷத்துல அப்பா ஒரே வார்த்தையில சரின்னுட்டாருடி! நான் கும்பிடாத சாமி இல்ல தெரியுமா? நீ தோத்ததுக்கு மட்டும் வருத்தமா இருக்குடி, சத்தியமா."

அவளுக்குத் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. தன்னை என்ன விலைக்குப் பேசினார்கள் என்று தெரியாமலே ஒருத்தி பூ வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். புஷ்பா சொல்ல வாயைத் திறந்தாள். முத்துராஜ் கூடத்திலிருந்து கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவளைப் பார்த்தான். அவனுக்காக அல்ல, இந்தப் பெண்ணின் முகத்துக்காக அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"உள்ள போ" என்றாள். "வடை சுட்டிருக்கு."

சொக்கலிங்கம் தட்டோடு வந்தார். "சம்பந்தி!" என்று ஆவுடையப்பனை அவர் கூப்பிட்டதும், இத்தனை வருஷம் அவரை 'ஐயா' என்று அழைத்த ஆவுடையப்பன் அவசரமாக நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். உள்ளே பேச்சும் சிரிப்பும் ஆரம்பித்தன.

புஷ்பா பின்பக்கம் தண்ணீர் டிரம்மிடம் போய் முகத்தில் வாரி வாரி அடித்துக்கொண்டாள். யாரோ பின்னால் செருமினார்கள். அருண்பிரசாத். கழுத்தில் கிளப்பில் போட்ட மாலையின் நார் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணி வேணுமா?"

"இல்ல." அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "புஷ்பா, அந்த பிரவுன்ல சரிவு இல்ல. தம்பையா சார் பந்து அத்தனை தூரத்துலருந்து நேரா வந்துச்சு. அப்பவே எனக்குத் தெரிஞ்சது. உங்க அண்ணன் பாய இழுத்ததையும் பாத்தேன். அவரு கண்ணு குழியப் பாக்கவே இல்ல."

புஷ்பா திரும்பினாள். இன்றைக்கு அவள் கண்ணால் கண்டதைக் கண்டேன் என்று சொன்ன முதல் ஆள் இவன்.

"ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான்... தூக்கிட்டாங்க. அப்பா அழுதாரு புஷ்பா. என்னையப் பாத்து அவரு சந்தோஷமா அழுது நான் பாத்ததே இல்ல. உங்க வீட்டுல என்ன நடந்துச்சு, எங்கப்பா என்ன பேசினாருன்னு எனக்கு நெசமாவே தெரியாது. ஏதோ நடந்திருக்குன்னு மட்டும் தெரியுது." அவன் மாலை நாரைப் பிய்த்துக்கொண்டே நின்றான். "நாளைக்குக் காலையில கமிட்டி முன்னாடி வரச் சொல்லியிருக்காங்க. வேலைய ஏத்துக்கிறேன்னு அங்க சொல்லணும். சொல்லலாமான்னு உன்கிட்ட கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்கிட்ட எதுக்குக் கேக்குற? நான் போன்னு சொன்னா உனக்கு ராத்திரி தூக்கம் வரும், அதுக்கா?"

அவன் நாரைப் பிய்ப்பதை நிறுத்தினான்.

"மணல்ல இருந்தத அப்பா அழிச்சுட்டாரு. இப்ப அது ஒன் கண்ணுலயும் என் கண்ணுலயும் மட்டும்தான் இருக்கு. நான் சொன்னா தோத்தவ பொலம்புறான்னு சொல்லுவாங்க. ஜெயிச்சவன் சொன்னா கேப்பாங்க." அவள் முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க அருண். நீ வாயத் தொறந்தா அந்த ஆட்டம் செல்லாமப் போயி, மறுபடி ஆடி அந்த வேலைய எடுக்க எனக்கு வழி பொறக்கும். உள்ள சிரிச்சுக்கிட்டு இருக்காளே ஒன் தங்கச்சி, அவ கல்யாணம் நின்னுரும்."

"அண்ணே! சீக்கிரம் வா, தட்டு மாத்தப் போறாங்க!" என்று உள்ளேயிருந்து அகிலா கூப்பிட்டாள்.

அருண்பிரசாத் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் போகவில்லை. டிரம்முக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.